கூரையை வெட்டினால் கார் தளர்ந்துவிடுமா?

மலேசியாவின் பீடோர் பட்டணத்தில் புதுக் கார் எடுக்கப்போகிறேன் என்று ஒட்டுக்கடையில் வாய் திறந்தால் போதும், நாலு மேசையிலிருந்தும் ஆலோசனை வரும். அதில் இப்போதெல்லாம் தவறாமல் வருவது சன்ரூஃப், அதாவது கார்க் கூரையில் வைக்கும் கண்ணாடிச் சன்னல். "வேண்டாம் தம்பி, கூரைய வெட்டின காடி அது. பாடி லூசாயிடும். கேமரன் மலை வளைவுல பின்பக்கம் ஆட்டம் காட்டும்" என்பார் ஒருவர். "சும்மா இருங்கண்ணே, செஞ்சவனுக்குத் தெரியாதா?" என்பார் அடுத்த மேசைக்காரர். இரண்டு பேரிடமும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதி எது என்று பிரித்துச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை.

முன்பு நம் பக்கம் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. தோட்டங்களுக்கும் பட்டணத்துக்கும் நடுவே ஓடிய சாகா, கஞ்சில், மைவி எல்லாம் பெரும்பாலும் முழுத் தகரக் கூரைதான். ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த ரீகான் கார் யாராவது வைத்திருந்தால் அதில் சன்ரூஃப் இருக்கலாம், அவ்வளவுதான். 2018 டிசம்பரில் புரோட்டோன் எக்ஸ்70 வந்தது, 2020 அக்டோபரில் எக்ஸ்50 வந்தது. எக்ஸ்50-இன் உச்ச ரகத்தில் கூரையின் பெரும்பகுதி கண்ணாடி. அதற்கப்புறம்தான் சன்ரூஃப் செம்பனைக் காட்டுப் பக்கமும் சாதாரணப் பேச்சாகிவிட்டது.

குழப்பம் எங்கே என்றால், நான்கு தனித்தனிக் கேள்விகளை நாம் ஒரே கேள்வியாகக் கேட்கிறோம். உடற்கூடு இளகுமா? வளைவில் கார் மோசமாக ஓடுமா? கார் உருண்டால் கூரை தாங்குமா? ஏன் கிரீச் கிரீச் என்று சத்தம் வருகிறது? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

விறைப்பு வேறு, வலிமை வேறு

முதலில் இந்த இரண்டையும் பிரித்துக்கொள்வோம். ஒரு பொருள்மீது விசை போட்டால் அது எவ்வளவு குறைவாக வளைந்துகொடுக்கிறது என்பது விறைப்பு. எவ்வளவு விசை போட்டால் அது உடையும், அல்லது பழைய நிலைக்குத் திரும்பாதபடி நசுங்கும் என்பது வலிமை. காரிலேயே இரண்டுக்கும் சாட்சி உண்டு. டயர் நன்றாக அமுங்கிக்கொடுக்கும், ஆனால் லேசில் கிழியாது. முன் கண்ணாடி கொஞ்சமும் அமுங்காது, ஆனால் லோரிச் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்தால் விரிசல் விட்டுவிடும்.

வளைவில் கார் எப்படித் திரும்புகிறது என்பது விறைப்போடு சேர்ந்த விஷயம். கார் உருண்டால் கூரை என்னாகும் என்பது வலிமையோடு சேர்ந்தது. ஒட்டுக்கடைப் பேச்சில் இரண்டும் "பாடி லூஸ்" என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடுகிறது.

ஒரு சப்பாத்துப் பெட்டி போதும்

வீட்டில் காலியான சப்பாத்துப் பெட்டி இருந்தால் எடுத்துவந்து மூடியைக் கழற்றுங்கள். இரண்டு முனையையும் பிடித்து எதிரெதிர்த் திசையில் முறுக்குங்கள். கொழகொழவென்று திரும்பும். இப்போது மூடியைப் போட்டு, விளிம்பு முழுக்க டேப் ஒட்டி, மறுபடி முறுக்குங்கள். அசைய மறுக்கும். அட்டை அதே அட்டைதான், தடிமன் கூடவில்லை. எல்லாப் பக்கமும் மூடியதுதான் ஒரே வித்தியாசம், ஆனால் விறைப்பு பல மடங்கு ஏறிவிட்டது.

அடுத்து, ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டு மூடியின் நடுவைச் செவ்வகமாக வெட்டி எடுங்கள். முறுக்கினால் கொஞ்சம் இளகும், ஆனாலும் மூடியே இல்லாத நிலைக்குப் போகாது. கடைசியாக, வெட்டிய ஓட்டையைச் சுற்றி, மூலையில் துண்டுபடாத ஒரே சட்டமாக இன்னோர் அட்டையை வெட்டி ஒட்டுங்கள். இழந்ததில் ஒரு பகுதி திரும்பி வரும்.

சன்ரூஃப் சச்சரவு முழுவதும் இந்த நான்கு நிலைக்குள் இருக்கிறது. மூடியில்லாத பெட்டி, கூரையே இல்லாத கன்வெர்ட்டிபிள் கார். டேப் ஒட்டிய பெட்டி, தகரக் கூரைக் கார். சட்டம் ஒட்டிய ஓட்டை, தொழிற்சாலையிலேயே சன்ரூஃபோடு வந்த கார். சட்டம் ஒட்டாமல் விட்ட ஓட்டை, பிறகு யாரோ பட்டறையில் கூரையை அறுத்துப் போட்ட சன்ரூஃப். நம் ஊரில் கடைசி இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள், வம்பு அங்கே ஆரம்பிக்கிறது.

கார் எப்போது முறுக்கப்படுகிறது?

நேரான நல்ல சாலையில் பெரிதாக இல்லை. தோட்டத்துக்குள் போகும் செம்மண் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். குலை ஏற்றிய லோரிகள் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த இடம். முன் இடது சக்கரம் மேட்டில் ஏறுகிறது, அதே நேரம் பின் வலது சக்கரமும் மேட்டில். மற்ற இரண்டும் பள்ளத்தில். அந்த நொடியில் காரின் முன்பாதி ஒரு பக்கம் சாயப் பார்க்கிறது, பின்பாதி மறு பக்கம் சாயப் பார்க்கிறது. நடுவில் இருக்கும் உடற்கூடு முறுக்கப்படுகிறது. சாலையோரக் கட்டைமேல் ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி நிறுத்தினாலும் இதே கதைதான்.

இந்த முறுக்கத்துக்கு உடற்கூடு காட்டும் எதிர்ப்புக்குப் பெயர் முறுக்க விறைப்பு. ஒரு பாகை திருப்ப எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வேண்டும் என்று அதை அளக்கிறார்கள். இன்றைய கார்களில் பொதுவாக 15,000 முதல் 30,000 வரை இருக்கும். 20,000 என்று வைத்துக்கொண்டால், காரின் ஒரு முனையை அசையாமல் பிடித்துவிட்டு, மறு முனையிலிருந்து பக்கவாட்டில் ஒரு மீட்டர் நீளக் கம்பி நீட்டி, அதன் நுனியில் ஏறத்தாழ 2,000 கிலோ தொங்கவிட்டால் உடற்கூடு ஒரே ஒரு பாகை திரும்பும். இன்றைய காரை "தகர டப்பா" என்று திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இத்தனை விறைப்பு எங்கிருந்து வருகிறது? அந்தக் காலத்துக் கார்களில் கீழே கனமான இரும்புச் சட்டம், மேலே ஒரு கூண்டு. லோரிக்கும் ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளுக்கும் இன்றும் அப்படித்தான். சாதாரணக் காரில் தனிச் சட்டம் கிடையாது. தகடுகளை மடித்து, புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்து, பல இடங்களில் பசையும் போட்டு, உடற்கூட்டையே சட்டமாக்கிவிடுகிறார்கள். இதற்கு மோனோகாக் என்று பெயர். இத்தாலியின் லான்சியா லாம்ப்டா 1922-லேயே இந்த வழிக்கு வந்தது. 1934-இல் வந்த பிரெஞ்சுக்காரர்களின் சித்ரோயன் டிராக்ஷன் அவாந்த், இதைப் பெரிய எண்ணிக்கையில் செய்து காட்டியது. 1985-இல் வந்த நம் முதல் சாகாவும் மோனோகாக்தான். மோனோகாக்கில் தரை, பக்கம், கூரை எல்லாமே வேலை செய்யும் உறுப்புகள். ஆகவே கூரையில் ஓட்டை போட்டால் என்ன ஆகும் என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

கூரை பார்க்கும் வேலை

பெட்டியை முறுக்கும்போது அதன் ஒவ்வொரு பக்கமும் செவ்வகமாக இருந்ததிலிருந்து சாய்ந்த நாற்கோணமாக மாறப் பார்க்கும். மெல்லிய தகடுகூட அப்படிச் சாய மறுக்கும். கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லியது, மேலிருந்து கட்டைவிரலால் அமுக்கினால் குழியும். ஆனால் அதன் நான்கு மூலையையும் இழுத்துச் சாய்ந்த நாற்கோணமாக்கப் பார்த்தால், அது முரண்டு பிடிக்கும். கூரை செய்யும் உதவி இதுதான்.

இப்போது கூரையை விட்டுவிட்டுப் பக்கவாட்டைப் பாருங்கள். நான்கு கதவு, நான்கு பெரிய ஓட்டை. கதவு மூடியிருந்தாலும் அது கீலிலும் பூட்டிலும் ரப்பரிலும் தொங்குகிற பொருள், முறுக்கத்தைப் பெரிதாகத் தாங்காது. அப்படியென்றால் காரின் இரண்டு பக்கமும் வெறும் சட்டங்களாகத்தான் நிற்கின்றன: கதவுக்கு அடியில் ஓடும் உள்ளீடற்ற அடிச்சட்டம், முன்தூண், நடுத்தூண், பின்தூண், மேலே கூரையோரச் சட்டம். சன்ரூஃப் ஓட்டையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் யாரும் இந்தக் கதவு ஓட்டைகளைப் பார்த்துப் பயந்து நான் கண்டதில்லை!

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைப் பிடித்துவிட்டால் மீதி எளிது. மூடிய பெட்டியை முறுக்கும்போது அந்த விசை எல்லாப் பக்கங்கள் வழியாகவும் சுற்றி ஓடுகிறது. மொத்த இளக்கம் என்பது ஒவ்வொரு பக்கத்தின் இளக்கத்தையும் கூட்டிவந்த தொகை. அதில் பெரும்பங்கு, ஏற்கெனவே ஓட்டைகள் நிறைந்த பக்கவாட்டிலிருந்தும் தூண்கள் சேரும் மூலைகளிலிருந்தும் வருகிறது. ஒரு பேச்சுக்கு, மொத்த இளக்கத்தில் கூரையின் பங்கு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஓட்டை போட்டதால் கூரை இரண்டு மடங்கு இளகினாலும், மொத்த இளக்கம் பத்து விழுக்காடுதான் கூடும். கூரை பாதி விறைப்பை இழந்தால் காரும் பாதி விறைப்பை இழக்கும் என்று நினைப்பது கணக்குத் தெரியாத பயம்.

ஆனால் கூரையே இல்லை என்றால் கதை வேறு. விசை சுற்றி ஓட வழியே அறுந்துபோகிறது, பெட்டி திறந்த பெட்டியாகிவிடுகிறது. அதனால்தான் கன்வெர்ட்டிபிள் கார்களுக்கு அடிச்சட்டத்தைத் தடித்துப் போடுவார்கள், கீழே குறுக்குச் சட்டங்கள் சேர்ப்பார்கள். கூரையை எடுத்துவிட்ட பிறகும் அந்தக் கார் அதன் மூடிய அண்ணனைவிட எடை கூடி நிற்பது இதனால்தான்.

தொழிற்சாலையில் செய்யும் சன்ரூஃபில் வெட்டிய விளிம்பு அப்படியே விடப்படுவதில்லை. ஓட்டையைச் சுற்றி அச்சில் அழுத்தி எடுத்த எஃகுச் சட்டம் ஒன்று கூரையோடும் ஓரச் சட்டங்களோடும் சேர்க்கப்படுகிறது. முழு நீளக் கண்ணாடிக் கூரைகளில் பல சமயம் நடுத்தூண்களுக்கு மேலே ஒரு குறுக்குச் சட்டம் ஓடும். உள்ளே உட்கார்ந்து மேலே பார்த்தால் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பட்டை தெரிகிறதே, அழகுக்குப் போட்டதல்ல, அதுதான் இது.

இன்னொன்று. திறக்காத நிலையான கண்ணாடிக் கூரை வேறு வகை. டெஸ்லா மாடல் 3 மாதிரிக் கார்களில் கூரைக் கண்ணாடியை விளிம்பு முழுக்கப் பசையால் உடற்கூட்டோடு ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டிய கண்ணாடி வேலை செய்யும். முன் கண்ணாடியும் இப்படி ஒட்டப்பட்டு முறுக்க விறைப்புக்குத் துணை நிற்கிறது. அதனால்தான் உடைந்த முன் கண்ணாடியை மாற்றும்போது சரியான பசை போட்டு, அது இறுகும்வரை காரை ஓட்டாமல் விடச் சொல்கிறார்கள். நகர்ந்து திறக்கும் சன்ரூஃப் கண்ணாடியோ ரப்பர்மேல் உட்கார்ந்திருக்கிறது. விறைப்புக்கு அது உதவாது, வேலை எல்லாம் சுற்றியுள்ள சட்டத்துக்குத்தான்.

இதுவரை பார்த்தது: கூரை ஓட்டை விறைப்பைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மை. சுற்றியுள்ள சட்டம் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது. மிச்சக் குறையும் சிறியது, ஏனென்றால் காரின் பெரிய இளக்கம் கூரையில் இல்லை.

சரி, வளைவில் என்ன ஆகும்?

தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகக் கேமரன் மலையின் தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய சாலையை நம் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. வளைவுக்குப் பின் வளைவு. அங்கே கார் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது டயரும் சஸ்பென்ஷனும். சஸ்பென்ஷன் என்றால் சக்கரத்துக்கும் உடற்கூட்டுக்கும் நடுவே இருக்கும் ஸ்பிரிங், அப்சார்பர், இணைப்புக் கம்பிகள் எல்லாம் சேர்ந்தது.

வளைவில் கார் வெளிப்பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வை முன் சஸ்பென்ஷன் எவ்வளவு தடுக்கிறது, பின் சஸ்பென்ஷன் எவ்வளவு தடுக்கிறது என்ற பங்கீட்டை வைத்து, மூக்கு வெளியே ஓடுமா வால் வீசுமா என்று பொறியாளர்கள் தீர்மானிக்கிறார்கள். இந்தப் பங்கீடு ஒழுங்காக நடக்க முன்னும் பின்னும் ஒரே விறைப்பான பொருளில் பிடித்திருக்க வேண்டும். நடுவில் உடற்கூடு திரும்பிக்கொடுத்தால் முன்பக்கம் ஒரு கணக்கு, பின்பக்கம் வேறு கணக்கு என்றாகிவிடும். "பாடி விறைப்பாக இருந்தால் கார் நன்றாகத் திரும்பும்" என்பதன் உண்மையான காரணம் இது. பந்தயக் கார்களுக்கு உள்ளே கம்பிக்கூண்டு போடுவது முதலில் உயிர் காக்க, அடுத்த காரணம் இதே விறைப்பு.

ஆனால் அளவு பார்க்காமல் பேசக் கூடாது. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு போடுவோம். முன் சஸ்பென்ஷனின் சாய்வுத் தடுப்பு பாகைக்கு 700 நியூட்டன் மீட்டர், பின்பக்கம் 500, உடற்கூடு 20,000. சாதாரணக் குடும்பக் காருக்கு ஒத்துவரும் எண்கள்தான். இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மூன்று ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கின்றன. முன்னும் பின்னும் எதிரெதிராகச் சாயும்போது, மொத்தத் திருப்பத்தில் உடற்கூடு எடுத்துக்கொள்வது 1.4 விழுக்காடு. மீதி எல்லாம் சஸ்பென்ஷன். இப்போது சன்ரூஃபால் உடற்கூட்டின் விறைப்பு பத்தில் ஒரு பங்கு குறைந்து 18,000 ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த 1.4 ஏறத்தாழ 1.6 ஆகும்.

வித்தியாசம் அவ்வளவுதான். உடற்கூடு சஸ்பென்ஷனைவிடப் பல மடங்கு விறைப்பானது, அதில் கொஞ்சம் குறைந்தால் சஸ்பென்ஷனுக்குத் தெரியவே தெரியாது. டயர் காற்று கொஞ்சம் இறங்கியிருந்தால் வளைவில் கைக்குத் தெரிகிற மாற்றம் இதைவிட அதிகம்.

இதே கணக்குதான் நம் இளைஞர்கள் ஆசையாக வாங்கி மாட்டும் சேஃப்டி பாருக்கும். என்ஜின் அறையில் இரண்டு அப்சார்பர் மேல்முனையையும் இணைக்கும் கம்பி அது. பழைய, விறைப்புக் குறைந்த காரில் பிரேக் பிடித்துத் திரும்பும்போது ஏதோ கொஞ்சம் தெரியலாம். இன்றைய காரில் அந்தப் பணத்துக்கு நல்ல டயர் வாங்குவேன்.

எடை உச்சியில் ஏறுவது

ஒட்டுக்கடை அண்ணன் சொன்னதில் உண்மை இருக்கும் இடம் இது, ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. சன்ரூஃபால் வளைவில் மாற்றம் வருகிறதென்றால், விறைப்பைவிட எடைதான் பெரிய காரணம்.

ஒரு சதுர மீட்டர் எஃகுக் கூரைத் தகடு, 0.7 மில்லிமீட்டர் தடிமனில், ஐந்தரைக் கிலோ வரும். அதே அளவு கண்ணாடி 5 மில்லிமீட்டர் தடிமனில் பன்னிரண்டரைக் கிலோ. அதோடு மோட்டார், தண்டவாளம், சட்டம், வெயில் மறைப்புத் துணி எல்லாம் சேரும். பெரிய கண்ணாடிக் கூரை என்றால் இருபத்தைந்து முப்பது கிலோ கூடிவிடுவது சாதாரணம். அதுவும் காரின் உச்சியில்.

காரின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் இருப்பதாக வைத்துக் கணக்கிடும் இடத்துக்கு எடை மையம் என்று பெயர். 1,400 கிலோ எடையுள்ள உயரமான கார், எடை மையம் தரையிலிருந்து 62 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று கொள்வோம். 1.6 மீட்டர் உயரத்தில் 30 கிலோ சேர்த்தால் எடை மையம் சுமார் 2 சென்டிமீட்டர் மேலே போகும். வளைவில் மொத்த எடையில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறும் பங்கு அதே விகிதத்தில், அதாவது மூன்று விழுக்காடு அளவுக்குக் கூடும்.

மூன்று விழுக்காடு அளவுகோலுக்குத் தெரியும், பந்தய ஓட்டுநருக்கும் தெரியலாம். பின் இருக்கையில் பிள்ளைகளும் தூக்கில் குழம்பும் வைத்துக்கொண்டு மலை ஏறுகிற நமக்குத் தெரியாது. கூரைமேல் கேரியர் போட்டு ஐம்பது கிலோ சாமான் கட்டினால் எடை மையம் இதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. அதைக் கட்டிக்கொண்டு தைப்பூசத்துக்குக் கிளம்பும்போது "காடி ஆட்டம் காட்டும்" என்று யாரும் தடுப்பதில்லை.

கார் கம்பெனிகளே இதை எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு ஒரு சாட்சி: 2003-இல் பிஎம்டபிள்யூ கொண்டுவந்த எம்3 சிஎஸ்எல் காரில் எஃகுக் கூரைக்குப் பதிலாகக் கார்பன் நார்க் கூரை போட்டார்கள். மிச்சமானது சில கிலோதான். இருந்தாலும் உச்சியில் குறைகிற ஒவ்வொரு கிலோவும் பந்தயப் பாதையில் பெறுமதி என்று நினைத்தார்கள். பந்தயப் பாதையில் ஓட்டாதவருக்கு அந்தப் பெறுமதி கிடைக்காது.

ஆகவே வளைவைப் பற்றி: விறைப்பால் வரும் மாற்றம் மிகச் சிறியது, எடையால் வருவது சிறியது. இரண்டும் சேர்ந்தும் தேய்ந்த டயருக்குக் கிட்டே வராது.

பிறகு எதைத்தான் உணர்கிறார்கள்?

சத்தத்தை. என் அனுபவத்தில் "சன்ரூஃப் போட்டதால் பாடி லூஸ்" என்று அடித்துச் சொல்பவரைத் துருவினால், அவர் சொல்வது ஒரு சத்தத்தைப் பற்றியதாக இருக்கும்.

உடற்கூடு எவ்வளவு விறைப்பாக இருந்தாலும், மேடு பள்ளத்தில் மிகக் கொஞ்சம் திரும்பத்தான் செய்யும். தகரக் கூரையில் அந்தத் திருப்பம் சத்தமில்லாமல் நடந்து முடியும். சன்ரூஃப் காரில் ஓட்டை ஒரு நூலிழை சாய்கிறது, ஆனால் கண்ணாடி சாயாது. நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் இரண்டுக்கும் நடுவே உரசுகிறது. தலைக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் "கிரீச்". காதுக்கு அவ்வளவு பக்கத்தில் கேட்டால் கார் பிளந்துகொள்கிறது என்றுதான் தோன்றும். நம் வெயிலில் ரப்பர் காய்ந்துபோவதும், தோட்டச் சாலைப் புழுதி அதில் ஒட்டுவதும் சத்தத்தைக் கூட்டும். ஈரத்துணியால் ரப்பரைத் துடைத்து, அதற்கென்று விற்கும் சிலிக்கோன் மசகு தடவினாலே பாதிப் புகார் அடங்கிவிடும். எஞ்சின் கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.

இன்னொரு சத்தம், கூரையைத் திறந்துகொண்டு ஓட்டும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் காதை அடைக்கும் "துப்துப்துப்". ஓட்டையின் முன்விளிம்பில் காற்று சுழல் சுழலாக உடைந்து, அந்தத் துடிப்பு காருக்குள் இருக்கும் காற்றின் இயல்பான துடிப்போடு ஒத்துப்போகும்போது வருவது. பின் சன்னலைக் கொஞ்சம் இறக்கினால் நின்றுவிடும். கூரை திறந்ததும் முன்விளிம்பில் எழுந்து நிற்கும் வலையோ பிளாஸ்டிக் துண்டோ இதற்காகத்தான். உடற்கூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கார் உருண்டால்?

இது வலிமைக் கேள்வி. உருளும் காரில் பாரத்தைத் தாங்குவது தூண்களும் கூரையோரச் சட்டங்களும், நடுத் தகடு அல்ல. அமெரிக்காவில் 1973 முதல் கூரை நசுங்கும் சோதனை கட்டாயமாக இருக்கிறது. கூரையின் ஒரு பக்க விளிம்பில் எஃகுப் பலகையை வைத்து அழுத்துவார்கள். 2009-இல் விதியைக் கடுமையாக்கி, பெரும்பாலான கார்கள் தம் எடையைப்போல் மூன்று மடங்கு தாங்க வேண்டும் என்றார்கள். சன்ரூஃப் இருக்கிறது என்று யாருக்கும் சலுகை கிடையாது.

கண்ணாடியைப் பற்றிய கவலை வேறு, அது நியாயமானது. உருளும்போது கண்ணாடி உடைந்தால் அங்கே ஒரு வழி திறந்துவிடுகிறது, பெல்ட் போடாதவர் வெளியே வீசப்படலாம். பின் இருக்கையில் பெல்ட் போடாத பழக்கத்தோடு பெரிய கண்ணாடிக் கூரைக் காரில் போவது கூடுதல் ஆபத்து. அப்புறம், ஓடும் காரின் சன்ரூஃப் வழியாகப் பிள்ளைகளை நிற்கவைத்து வேடிக்கை காட்டுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை.

பட்டறையில் அறுத்துப் போடுவது

நான் மேலே சொன்ன ஆறுதல் எதுவும் இதற்குப் பொருந்தாது. முழுத் தகரக் கூரையோடு வந்த காரை வாங்கி, அதை அறுத்து, உதிரிச் சன்ரூஃப் மாட்டுவது, சப்பாத்துப் பெட்டியில் சட்டம் ஒட்டாமல் விட்ட ஓட்டை. கூரைத் தகட்டுக்கு அடியில் இடமிருந்து வலமாக ஓடும் குறுக்குச் சட்டங்கள் உண்டு. வழியில் நிற்கிறது என்று அதையும் வெட்டிவிடுகிறார்கள். கூரையோரச் சட்டங்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்த கட்டு அறுந்துபோகிறது. பதிலுக்கு வருவது, தகட்டைக் கவ்விப் பிடிக்கும் மெல்லிய வளையம். வெல்டிங்கும் இல்லை, பசையும் இல்லை.

பக்கத் திரை ஏர்பேக் உள்ள காரில் இது இன்னும் மோசம். அந்த ஏர்பேக் சுருட்டி வைக்கப்பட்டிருப்பது கூரையோரச் சட்டத்தில். உள்கூரைத் துணியைக் கழற்றி மாட்டும்போது அதன் கொக்கியோ ஒயரோ இடம் மாறினால், தேவைப்படும் நாளில் அது சரியாக விரியாது. வெட்டிய விளிம்பில் பெயின்ட் போய்த் துரு பிடிப்பது தனி.

சட்டமும் இதில் உங்கள் பக்கம் இல்லை. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வாகனத்தின் அமைப்பை மாற்ற ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் அறுத்த கூரையோடு பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோம் வாகனச் சோதனைக்குப் போனால் அங்கேயே மாட்டிக்கொள்ளலாம். விபத்து நேர்ந்தால் காப்புறுதிக்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாக இருக்கலாம். பட்டறைப் போர்மன் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் இந்த வேலையை அவரிடம் கேட்காதீர்கள்.

பழைய சன்ரூஃப் கார் பார்க்கப் போனால்

ஒரு சக்கரத்தை மட்டும் சாலையோரக் கட்டைமேல் ஏற்றி நிறுத்தச் சொல்லுங்கள். அந்த நிலையில் நான்கு கதவையும் திறந்து மூடுங்கள், சன்ரூஃபையும் ஒருமுறை திறந்து மூடுங்கள். நல்ல உடற்கூடு என்றால் எல்லாம் சமதரையில் இருந்த மாதிரியே மூடும். கதவு பூட்டில் இடித்தாலோ, கூரைக் கண்ணாடி ஒரு பக்கம் முட்டினாலோ, அது அடிபட்டுக் கட்டிய காராக இருக்கலாம். சன்ரூஃபைக் குற்றம் சொல்வதற்கு முன் அதை விசாரியுங்கள். பிறகு கூரை உள்விளிம்பைத் திறந்து பார்த்து, அது தொழிற்சாலைச் சட்டமா, அறுத்த விளிம்பா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாகத் தண்ணீர். சன்ரூஃப் ரப்பர் நூறு விழுக்காடு தண்ணீரைத் தடுக்காது, தடுக்க வேண்டும் என்று அதைச் செய்யவுமில்லை. உள்ளே புகும் தண்ணீரை ஏந்த சட்டத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கும். அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் தூண்களுக்குள் இறங்கிக் காருக்கு அடியில் முடியும். திதிவங்சா மலையடிவாரத்துச் சாயங்கால மழையும், மரத்தடியில் நிறுத்தும் பழக்கமும் சேர்ந்தால் அந்தக் குழாய்கள் இலைச் சேறால் அடைபடும். தண்ணீர் அப்புறம் உள்கூரைத் துணி வழியாகவும் தூண் வழியாகவும் தரை விரிப்புக்குப் போய், அடித்தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். காரின் விறைப்பை உண்மையிலேயே தின்னக்கூடியது அந்தத் துரு. துணியில் பழுப்புக் கறை இருக்கிறதா பாருங்கள், விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். கூரையைத் திறந்து அந்த வாய்க்காலில் ஒரு குவளை தண்ணீரை மெதுவாக ஊற்றினால், சற்று நேரத்தில் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் மெல்லிய நைலோன் நூலை விட்டு மெதுவாகத் தள்ளி அடைப்பை எடுக்கச் சொல்லுங்கள். கம்ப்ரசர் காற்றை வேகமாக அடித்தால் உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிடும், அதைத் திரும்ப மாட்ட உள்கூரை முழுவதையும் இறக்க வேண்டியிருக்கும்.